மார்த்தாண்டத்தில் வி.ஆர். மாட்டிப் படித்த வீட்டு அலங்காரம்

தக்கலையில் இருபது வருடமாக மரவேலை செய்கிறேன். களியக்காவிளை தாண்டி பாறசாலை வரை வேலைக்குப் போவேன். இப்போது வீடு கட்டுகிறவர்கள் போனில் படத்தைக் காட்டி, 'ஸ்காண்டிநேவியன் வேண்டும்' என்கிறார்கள். அது என்னவென்று புரிந்துகொள்ளத்தான் மகளோடு மார்த்தாண்டத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். நாலு ஞாயிறு, ஆளுக்கு 2500 ரூபாய்.

பாடமே ஒரு விளையாட்டுதான். வி.ஆர். கருவி என்பது, கணினியில் வரைந்த இடத்துக்குள் நாமே நிற்பதுபோல் காட்டும் கண்ணாடி. அதைத் தலையில் மாட்டியதும் ஒரு காலி அறை. 'பௌஹவுஸ்' என்று எழுத்து வரும்; அலங்காரம் இல்லாத எளிய வடிவங்களுக்குப் பெயர்போன ஜெர்மன் வடிவமைப்புப் பள்ளியின் பாணி அது. அதற்கேற்ற நாற்காலி, விளக்கு, சுவர் நிறம் நாம் எடுத்து வைக்க வேண்டும். பொருந்தாவிட்டால் பொருள் சிவப்பாகி, காரணம் ஒரு வரியில் வரும். நான் கடைசல் கால் போட்ட நாற்காலியை வைத்தேன், சிவப்பு. அப்புறம் அந்தப் பள்ளியைச் சேர்ந்த மார்செல் பிராயர் 1925-ல் வடிவமைத்த எஃகுக் குழாய் நாற்காலியை எடுத்தேன். சைக்கிள் கைப்பிடியைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்ததாம். குனிந்து அடிப்பக்கம் பார்த்தேன். குழாய் எங்கே வளைகிறது, துணி எங்கே இழுத்துக் கட்டியிருக்கிறது, எல்லாம் தெரிந்தது. போன் படத்தில் இது ஒருநாளும் தெரியாது.

ஸ்காண்டிநேவியன் என்றால் ஸ்வீடன், டென்மார்க் போன்ற வட ஐரோப்பிய நாடுகளின் பாணி. அந்த அறையில் சாமான்கள் ஜன்னலை மறைக்காமல் தாழ்வாக இருந்தன. குளிர்காலத்தில் அங்கே பகல் குறுகியது, கிடைக்கிற வெளிச்சத்தை வீணாக்கக் கூடாது. வெள்ளைச் சுவரும் வெளிர் மரமும் அதற்குத்தான். இதற்காகவே கொடுத்த காசு தகும்.

மனசுக்குப் பிடிக்காதது மரம். தேக்கு, அயனி, பலா மூன்றுக்கும் ஒரே ரேகைதான், நிறம் மட்டும் மாறுகிறது. 'கேரளா' அறையில் தரைக்குச் சாதாரணக் கறுப்பு டைல் போட்டிருக்கிறார்கள். தக்கலைப் பக்கத்தில் கேரள பாணியில் கட்டிய எங்கள் பத்மநாபபுரம் அரண்மனைத் தரை, சிரட்டைக்கரியும் முட்டை வெள்ளையும் சேர்த்து இழைத்தது என்பார்கள், இன்றும் முகம் தெரியும். ஓட்டுக்கூரை ஏன் அவ்வளவு தாழ இறங்குகிறது என்றும் விளையாட்டு சொல்லவில்லை. வருடத்தில் இரண்டு பருவமழை நனைக்கிற ஊர் இது, சுவரைக் காக்கக் கூரை இறங்கத்தான் வேண்டும். சொல்லிக் கொடுத்த பாறசாலைப் பையனிடம் இதைச் சொன்னேன். "சேட்டா, அடுத்த வகுப்பில் நீங்களே இதைப் பேசுங்கள்" என்றான். பேசினேன்.

மகளுக்கு முதல் நாள் தலை சுற்றியது. நடக்காமல், இடத்தைக் குறிவைத்துத் தாவும் முறைக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். பிறகு அரண்மனையையும் நேரில் பார்த்துவிடுங்கள், திங்கட்கிழமை பூட்டியிருக்கும்.