பழைய பி450 போர்டில் ரைசன் 7 5700எக்ஸ்3டி: நாசில் சிமுலேஷன் ஓட்டிப் பார்த்த அனுபவம்

2018-ல் வாங்கிய கம்ப்யூட்டர்: பி450 மதர்போர்டு, ரைசன் 5 2600 சிப், 16 ஜிபி டிடிஆர்4 ரேம். இத்தனை வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. வாயு, திரவ ஓட்டத்தைக் கணக்கிடும் ஓப்பன்ஃபோம் மென்பொருளில் ராக்கெட் நாசில் (எஞ்சினின் வாயு வெளியேறும் கூம்புக்குழாய்) சிமுலேஷன் ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் திணறியது. அதனால் சிப்பை மட்டும் ரைசன் 7 5700எக்ஸ்3டி-க்கு மாற்றினேன்.

எங்கள் ஊர் பணகுடி, மகேந்திரகிரி பக்கம்தான். 2024 நவம்பர் 29 அன்று அங்கே இஸ்ரோ சோதனை மையத்தில் சிஇ20 என்ற கிரையோஜெனிக் (கடுங்குளிர் எரிபொருள்) எஞ்சினைக் கடல்மட்ட அழுத்தத்திலேயே எரித்துச் சோதித்தார்கள். எல்விஎம்3 ராக்கெட்டின் மேல் அடுக்கில், காற்று இல்லாத உயரத்தில் எரிய வேண்டிய எஞ்சின் அது. நாசில் வாயின் பரப்பு, அதன் மிகக் குறுகிய இடமான தொண்டையைவிட 100 மடங்கு, அதனால் வாயில் வாயுவின் அழுத்தம் சுமார் 50 மில்லிபார்தான், வெளியே இருக்கும் காற்றோ சுமார் 1000 மில்லிபார். காற்று உள்ளே நெருக்க, வாயு சுவரைவிட்டுப் பிரிந்து நாசிலையே உதறவைக்கும். அந்தப் பிரிவை என் திரையில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை.

சின்ன நாசில், 2டி மெஷ் (நாசிலைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்த வலை), அதிவேக வாயுவைக் கணக்கிடும் ரோசென்ட்ரல்ஃபோம் சால்வர். பழைய சிப்பில் ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் விடியும்வரை ஓடும். இப்போது ஒரு படம் பார்த்து முடிப்பதற்குள் முடிந்துவிடுகிறது. கோர் 6-லிருந்து 8 ஆனது மட்டும் காரணமில்லை. இந்த மாதிரிக் கணக்கில் ரேமிலிருந்து எண்கள் வரும்வரை கோர்கள் சும்மா காத்துக்கிடக்கும், டர்போபம்ப் எரிபொருள் ஊட்டும் அளவுக்குத்தான் எஞ்சின் தள்ளும் என்பதைப் போல. சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகமான எல்3 கேச் 2600-ல் 16 எம்பி, இதில் 96. என் மெஷ்ஷில் பெரும்பகுதி அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பெரிய 3டி மெஷ் போட்டால் இந்த லாபம் நன்றாகவே குறைகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாட்டியதில்தான் அலைச்சல். கடையில் பயாஸை (போர்டைத் தொடக்கிவைக்கும் மென்பொருளை) அப்டேட் செய்யாமலே சிப்பை மாட்டி, திரை வராததும் போர்டு போய்விட்டது, புதுசு வாங்குங்கள் என்றார்கள். வீட்டுக்கு வந்து 2600-ஐத் திரும்ப மாட்டி, பென்டிரைவில் புது பயாஸை ஏற்றி, அப்புறம் புது சிப்பை வைத்தேன், உடனே திரை வந்தது. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

டப்பாவில் கூலர் கிடையாது. கோர்கள் இருக்கும் சில்லுக்கு மேலேயே கூடுதல் கேச்சை அடுக்கியிருப்பதால் சூடு சுலபமாக வெளியேறாது. பழைய கூலரோடு 88 டிகிரி தொட்டது, இதன் வரம்பே 90. டவர் கூலர் மாட்டியதும் 74-ல் நிற்கிறது, அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற ராக்கெட் விளையாட்டில் பெரிய ராக்கெட்டை ஏவும்போது, கணக்கு பின்தங்குவதால் மஞ்சளாகிவிடும் கடிகாரம் இப்போது பச்சையிலேயே ஓடுகிறது. பிரவுசர், ஆபீஸ் வேலைக்கு மட்டும் என்றால் இது வேண்டாம். பி450 போல ஏஎம்4 சாக்கெட் உள்ள போர்டு கையில் இருந்து, என்னைப் போல 2டி கணக்கு ஓட்டுபவர்கள் தாராளமாக வாங்கலாம்.

நேற்று ராத்திரி சிமுலேஷன் முடிவைப் படமாகக் காட்டும் பாராவியூவில் திறந்து பார்த்தேன். தொண்டையைத் தாண்டிச் சுவரோடு ஒட்டிச் சிவப்பாக வந்த வாயு, வாய்க்குக் கொஞ்சம் முன்னால் சட்டென்று விலகி, இடைவெளியில் வெளிக்காற்று நீலமாக உள்ளே நுழைந்திருந்தது.