சுண்ணாம்புத் தண்ணீரோடு ஏழு ஆண்டுகள்: ஒரு பல் சிகிச்சை நிலையத்தின் ஓட்டோகிளேவ் அனுபவம்

கொக்குவிலில் உள்ள எனது சிறிய பல் சிகிச்சை நிலையத்துக்காக 2018 ஆம் ஆண்டு, கருவிகளை அழுத்த நீராவியால் கிருமிநீக்கம் செய்யும், 18 லீற்றர் கொள்ளளவுள்ள பி வகுப்பு ஓட்டோகிளேவ் ஒன்றை வாங்கினேன். வாங்குவதற்கு முன்னர் நான் படித்தவை எல்லாம் வெப்பநிலை, அழுத்தம், நேரம் ஆகியவற்றைப் பற்றியவையாகவே இருந்தன. இப்போது யாராவது இத்தகைய இயந்திரத்தை வாங்கலாமா என்று என்னிடம் கேட்டால், உங்கள் கிணற்றுத் தண்ணீர் எப்படி என்றுதான் முதலில் திருப்பிக் கேட்கிறேன்.

அதற்கு முன்பு எங்களிடம் இருந்தது, சமையலறைப் பிரஷர் குக்கருக்கு அண்ணன் முறையான ஓர் எளிய கொதிகலன். அதில் வைக்க முடியாதவற்றைக் குளூட்டரால்டிஹைட் என்ற கிருமிநாசினிக் கரைசலில் ஊறவைத்தோம். அந்தக் கரைசல் உண்மையாகவே கிருமிகள் அனைத்தையும் அழிக்க 10 மணி நேரம் வேண்டும் என்பதும், ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் இடையில் அரை மணி நேரம் ஊறவைப்பது அதற்குப் போதாது என்பதும் தெரிந்த பிறகு அதைத் தொடர எனக்கு மனம் வரவில்லை. பி வகுப்பு இயந்திரம் நீராவியை விடுவதற்கு முன் அறையிலுள்ள காற்றைப் பம்பினால் பலமுறை உறிஞ்சி வெளியேற்றுகிறது. இதனால் உறையிலிட்ட கருவிகளுக்கும், உள்ளே மெல்லிய குழாய்கள் ஓடும் ஹாண்ட்பீஸ் (பல்லைக் குடையும் கைக்கருவி) போன்றவற்றுக்கும் நீராவி முழுதாகப் போய்ச் சேர்கிறது. பின்னர் 134 பாகை செல்சியஸில் 3 நிமிடத்துக்குக் குறையாமல் நிறுத்தி, உலர்த்தி முடிக்கிறது. ஒரு சுற்று முடிய முக்கால் மணி நேரம் ஆகும். அவசரக்காரருக்கு இது ஏற்ற பொருளல்ல.

இனித் தண்ணீருக்கு வருகிறேன். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் அமர்ந்திருப்பதையும், இங்கு எந்த வீட்டுக் கேத்தலின் அடியிலும் வெள்ளைப் படிவு ஏறியிருப்பதையும் அறியாதவர் இல்லை. ஓட்டோகிளேவுக்கு வடித்த நீர், அதாவது ஆவியாக்கிக் குளிரவைத்த நீர், மட்டுமே ஊற்ற வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே வாகன உதிரிப்பாகக் கடையில் விற்கும் பற்றறித் தண்ணீரை வாங்கி ஊற்றினேன். அங்கேதான் தவறினேன். ஏழெட்டு மாதங்களில் கருவிகளில் பால் தெளித்தாற்போல் வெண்புள்ளிகள் தோன்றின. பதினோராம் மாதம் நீராவி வால்வு அடைத்துக்கொண்டு, இயந்திரம் சுற்றின் நடுவே நின்றது. கொழும்பிலிருந்து வந்த திருத்துநர் வால்வைக் கழற்றி, உள்ளே இருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக் காட்டினார். கரைந்துள்ள உப்புகள் கூடக் கூட ஏறும் நீரின் மின்கடத்துதிறன், சென்ரிமீற்றருக்கு 15 மைக்ரோசீமன்சுக்கு மேற்படக் கூடாது என்று கைநூலில் அச்சிட்டிருந்தது. கடையில் வாங்கிய நீரை அவரது மானியில் அளந்தபோது அது 90 ஐத் தாண்டியது. எங்கள் கிணற்று நீரோ ஆயிரத்துக்கும் மேலே போனது. அந்த உத்தரவாதக் காலத்திலேயே நான் பணம் கட்ட நேர்ந்ததற்கு முகவரை நொந்து பயனில்லை, கைநூலைப் படிக்காதவன் நான்தான்.

அதன்பின் மேசை மேல் வைக்கும் சிறிய வடிகலன் ஒன்றை வாங்கினோம். 4 லீற்றர் நீரை வடிக்க அது நாலரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. மின்கட்டணத்தில் மூன்று அலகுக்கு மேல் போகிறது. இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை அதன் அடியைச் சிற்றிக் அமிலத்தால் கழுவும்போது, ஓட்டோகிளேவுக்குள் போயிருக்க வேண்டிய சுண்ணாம்பு கண்ணெதிரே கரைந்து போவதைப் பார்க்க எனக்கு இன்னமும் ஒரு குரூர மகிழ்ச்சி உண்டு. வால்வு அதன்பின் ஒருமுறைகூட அடைக்கவில்லை.

2022 ஆம் ஆண்டு மின்வெட்டு வேறொரு பாடமாயிற்று. மார்ச் மாத முடிவில் ஒரு நாளில் 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்றது. சுற்றின் நடுவே மின்சாரம் போனால் உள்ளே இருந்த அனைத்தையும் கிருமிநீக்கம் செய்யப்படாதவையாகவே கொண்டு, உறைகளைக் கிழித்து, புதிய உறைகளில் இட்டு, முதலிலிருந்து தொடங்க வேண்டும். உறையின் ஓரத்து நிறக்குறி மாறியிருக்கிறதே என்று உதவியாளர் ஒருநாள் வாதிட்டார். அந்தக் குறி வெப்பம் பட்டதை மட்டுமே சொல்லும், வேலை முடிந்ததைச் சொல்லாது. அந்த மாதங்களில் உறைகளின் விலையும் கைகடிக்க ஏறியது. ஜெனரேற்றருக்கு எரிபொருள் கிடைக்காததால், இரவு மின்சாரம் வரும் நேரத்தில் மறுநாளைக்கான கருவிகளைத் தயாரித்து, எத்தனை தொகுதி ஆயத்தமோ அத்தனை பேரை மட்டும் வரச் சொன்னோம்.

கதவின் சிலிக்கோன் வளையத்தை இரண்டு தடவையும், வடிகட்டியை ஆண்டுக்கு ஒரு தடவையும் மாற்றியிருக்கிறேன். வளையம் வந்து சேர ஒருமுறை ஆறு வாரங்கள் ஆனதால், இப்போது ஒன்றை முற்கூட்டியே வாங்கி அலுமாரியில் வைத்திருக்கிறேன். மெல்லிய குழாய்க்குள்ளும் நீராவி போய்ச் சேர்கிறதா என்று அறிய, ஒன்றரை மீற்றர் நீளக் குழாயின் முனையில் நிறத்தாள் வைத்துச் செய்யும் ஹீலிக்ஸ் சோதனையைத் தினமும் காலையில் செய்கிறோம். எளிதில் சாகாத பற்றீரியா வித்துகளை உள்ளே வைத்து, அவை அழிந்தனவா என்று பார்க்கும் வித்துச் சோதனையை வாரம் ஒருமுறை செய்வதே முறை. நாங்கள் மாதம் ஒருமுறைதான் செய்கிறோம் என்பதை மறைக்கப் போவதில்லை.

ஹாண்ட்பீஸ்கள் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எண்ணெய் விட்டு, மிகுதி எண்ணெயை ஊதி வெளியேற்றிய பின்னரே அவற்றை உறையிலிட வேண்டும். அவசரத்தில் ஊதாமல் வைத்த ஒரு வாரத்தில் இயந்திரத்தின் உள்சுவர் பழுப்பேறியது. அந்தக் கறை இன்னும் போகவில்லை. அடுத்து, ஓட்டோகிளேவில் எவ்வளவு சுத்தமாக வந்த ஹாண்ட்பீஸானாலும், கதிரையிலுள்ள நீர்க்குழாயின் உட்சுவரில் பாசிபோல் கிருமிப்படலம் வளர்ந்திருந்தால் நோயாளியின் வாய்க்குள் போவது அதுதான். நல்ல நீரை ஊற்றினால் போதும் என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன். வடித்த நீரிலும் படலம் வளரும். ஆகையால் ஒவ்வொருவருக்கும் இடையில் 30 விநாடி நீரை ஓடவிடுவதோடு, குழாய்களுக்கென்றே விற்கும் மருந்தையும் பயன்படுத்துகிறோம்.

நோயாளிகளின் பக்கமிருந்து பார்த்தால், முதலில் மறைந்தது குளூட்டரால்டிஹைட்டின் மூக்கரிக்கும் மணம். அந்த மணத்தை வாசலில் நுகர்ந்த உடனேயே அழத் தொடங்கிய பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் இயந்திரம் நீராவியை வெளியேற்றும்போது எழும் சீறல் அவர்களை மறுபடி அழவைத்ததால், அதைப் பின்னறைக்கு மாற்றினோம். இதனால் சித்திரை, வைகாசி வெக்கையில் சிகிச்சை அறை கொதிப்பதும் குறைந்தது. சூடு ஆறாத குறடு ஒன்றை ஒருமுறை வாயருகே கொண்டுபோனபோது நோயாளி கதிரையிலிருந்தே எழுந்துவிட்டார். அன்றுமுதல் எந்தப் பொதியும் முழுதாக ஆறும்வரை அலுமாரியை விட்டு வெளியே வருவதில்லை.

பல்லுக்கொதியோடு வந்த ஆச்சி ஒருவர் கதிரையில் சாய்ந்தபடி, “உது போன ஆளுக்குப் போட்டதோ, தம்பி?” என்று கேட்டார். அப்போது நான் உறைகளை நோயாளி வருமுன்பே பிரித்துத் தட்டில் அடுக்கிவைப்பது வழக்கம். அன்று இன்னோர் உறையை எடுத்துவந்து அவர் முன்னாலேயே கிழித்துக் காட்டினேன். அவர் வாயைத் திறந்தார். இப்போது எல்லோருக்கும் அப்படியே செய்கிறோம்.

இந்த ஆண்டு பம்பின் சத்தம் சற்று மாறியிருக்கிறது. திருத்துநர் அடுத்த மாதம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பம்பை மாற்றும் செலவு புதியதன் விலையில் மூன்றில் ஒன்றுக்கு உட்பட்டிருந்தால் இதையே தொடர்ந்து வைத்திருப்பேன். மீறினால் 24 லீற்றர் ஒன்றை வாங்குவேன். எதுவாயினும் வடிகலன் இருந்த இடத்திலேயே இருக்கும்.