எடின்பரோவா, லண்டனா, மான்செஸ்டரா, செயின்ட் ஆண்ட்ரூஸா? ஒரே ஒரு செமஸ்டருக்கு எது சரி?

"சித்தி, தரவரிசையில் லண்டன்தானே மேலே இருக்கிறது? அதையே முதல் சாய்ஸாகப் போட்டுவிடட்டுமா?" என்று அக்கா மகள் போன மாதம் கேட்டாள். சிங்கப்பூரில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டர் பிரிட்டனுக்குப் போக வாய்ப்பு வந்திருக்கிறது. எனக்கும் அந்த வயதில் அதே வாய்ப்பு வந்தது. நானும் அதே பட்டியலைத்தான் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடைசியில் எடின்பரோவுக்குப் போனேன், நன்றாகவே இருந்தது. ஆனால் நன்றாக இருந்ததற்கும் அந்தப் பட்டியலுக்கும் சம்பந்தமே இல்லை.

தரவரிசை என்பது பெரும்பாலும் ஆராய்ச்சிக்கும் பெயருக்கும் கொடுக்கிற மதிப்பெண். அங்கேயே மூன்று நான்கு வருடம் இருந்து பட்டம் வாங்குகிறவருக்கு அது பயன்படலாம். நாம் இருக்கப்போவது பதினொன்று, பன்னிரண்டு வாரம். அதில் முதல் இரண்டு வாரம் ஊர் புரிவதற்கே போய்விடும், கடைசி இரண்டு வாரம் தேர்வு. நடுவில் மிஞ்சுகிற நாட்களை எந்த ஊர் நம்மிடம் முழுசாகக் கொடுக்கிறது என்பதுதான் கேள்வி. அவளுடைய பட்டியலில் இருந்த நான்கையும் அந்தக் கணக்கில்தான் இங்கே பார்க்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டையும் கேம்பிரிட்ஜையும் சேர்க்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் கல்லூரிகள் எடுக்கிற வருகை மாணவர்கள் பெரும்பாலும் முழு ஆண்டுக்குத்தான் போகிறார்கள். கேம்பிரிட்ஜில் ஒரு செமஸ்டருக்கு வழி கிடைப்பது இன்னும் அரிது.

முதலில் பார்க்க வேண்டியது கேலண்டர். இதை யாரும் முதலில் பார்ப்பதில்லை என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

ஸ்காட்லாந்தில் இருக்கும் எடின்பரோவிலும் செயின்ட் ஆண்ட்ரூஸிலும் முதல் செமஸ்டர் செப்டம்பரில் தொடங்கி, டிசம்பரில் தேர்வும் முடிந்து, கிறிஸ்துமஸுக்கு முன்பே மூட்டை கட்டிவிடலாம். மான்செஸ்டரிலும் செமஸ்டர் முறைதான், ஆனால் முதல் செமஸ்டர் தேர்வு ஜனவரியில் வரும். லண்டனில் யூசிஎல் (யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன்), சோவாஸ் (ஆசிய, ஆப்பிரிக்க ஆய்வுகளுக்கான கல்வி நிறுவனம்) இரண்டிலும் மூன்று டெர்ம். செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை ஒன்று, ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஒன்று, கோடையில் வருகிற மூன்றாவது டெர்ம் முக்கியமாகத் தேர்வுக்கு. இலையுதிர் காலத்துக்கு மட்டும் போகிறவர் அந்தத் தேர்வுக்கு இருக்க மாட்டார். அவருக்குத் தேர்வுக்குப் பதில் கட்டுரை கொடுக்கும் துறைகள் உண்டு. பாடத்தையே திறந்துவிடாத துறைகளும் உண்டு.

என்னோடு அதே வருடம் கிளம்பிய தோழி ஒருத்தி இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனாள். மூன்று பாடங்களில் ஒன்றுக்கு மட்டும் ஜனவரி நடுவில் தேர்வு என்பது அவளுக்கு நவம்பரில்தான் தெரிந்தது. சிங்கப்பூரில் அடுத்த செமஸ்டர் ஜனவரி நடுவிலேயே தொடங்கிவிடும். விமானச் சீட்டை மாற்றி, விடுதி அறையை மூன்று வாரம் நீட்டித்து, இங்கே முதல் வார வகுப்புகளையும் விட்டாள். பணம் போனதைவிட, எல்லாரும் ஊருக்குப் போய்விட்ட விடுதியில் கிறிஸ்துமஸ் வாரத்தில் தனியாக உட்கார்ந்து படித்ததைத்தான் இன்றும் சொல்லி வருத்தப்படுவாள்.

ஆக, ஆகஸ்ட், செப்டம்பரில் கிளம்புகிறவர் என்றால் ஸ்காட்லாந்துக்கு இங்கேயே ஒரு பெரிய புள்ளி. ஜனவரியில் கிளம்புகிறவருக்கு இந்தக் கணக்கு மாறிவிடும். அப்போது மே, ஜூன் தேர்வுவரை இருந்துதான் ஆக வேண்டும், நான்கு இடமும் கிட்டத்தட்ட சமம்.

அடுத்தது பாடத் தேர்வு. இதிலும் ஸ்காட்லாந்து முறை நமக்கு வசதி. அங்கே இளங்கலை நான்கு வருடம். முதல் இரண்டு வருடம் உள்ளூர் மாணவர்களே தங்கள் துறைக்கு வெளியே பாடம் எடுப்பார்கள். அதனால் வெளியாள் வந்து உட்கார்வதற்கென்றே அமைந்த பாடங்கள் நிறைய. நான் பொருளாதார மாணவி. எடின்பரோவில் பொருளாதாரம் ஒன்று, ஸ்காட்லாந்து வரலாறு ஒன்று, மொழியியல் ஒன்று என்று மூன்று எடுத்தேன். ஒவ்வொன்றும் 20 கிரெடிட், மொத்தம் 60. இங்கிலாந்தில் பட்டம் மூன்று வருடம்தான். முதல் நாளிலிருந்தே ஒரே துறையில் ஆழமாக இறங்கிவிடுவார்கள். யூசிஎல்லில் பாடங்கள் பொதுவாக 15 கிரெடிட், ஆக ஒரு டெர்முக்கு நான்கு. சேர்த்துக்கொண்ட துறையிலேயே பாதியாவது எடுக்கச் சொல்வதும், முந்தைய வருடப் பாடத்தைப் படித்திருக்க வேண்டும் என்பதும் இங்கிலாந்தில் சகஜம். உங்கள் துறையிலேயே மூன்றாம் ஆண்டுப் பாடத்தை எடுத்து ஊன்றிப் படிக்க வேண்டும் என்றால் அது குறையே இல்லை, அதுதான் பலம். பொறியியல் மாணவர் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். செயின்ட் ஆண்ட்ரூஸில் பொறியியல் துறை கிடையாது.

மதிப்பெண் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எல்லாரும் பயந்துபோகிற இடம் இது. என் முதல் கட்டுரைக்கு 62 வந்தது. நூலகத்தில் கணினித் திரையைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த கிளாஸ்கோ பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல மார்க்காச்சே, ஏன் இப்படி இருக்கிறாய்?" என்றாள். அங்கே 70 வாங்கினாலே முதல் வகுப்பு, 40 தேர்ச்சி. 80 என்பது அபூர்வம். செயின்ட் ஆண்ட்ரூஸில் அளவுகோலே வேறு, 20-க்குத்தான் மதிப்பெண், அதில் 16.5 எடுத்தால் முதல் வகுப்பு. உங்கள் பல்கலைக்கழகம் கிரெடிட்டை மட்டும் ஏற்கிறதா, மதிப்பெண்ணையும் மாற்றிச் சேர்க்கிறதா என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பணத்துக்கு வருவோம். மாணவர் விசா கேட்கிறவர் மாதச் செலவுக்கு எவ்வளவு காட்ட வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 2025 நவம்பரில் மாற்றியபடி லண்டனுக்கு 1,529 பவுண்டு, லண்டனுக்கு வெளியே 1,171 பவுண்டு. மாதம் 358 பவுண்டு வித்தியாசம், நான்கு மாதத்துக்கு 1,432. நம் கையிலிருந்து போகும்போது வித்தியாசம் பெரும்பாலும் அறை வாடகையில்தான் தெரியும். மற்ற மூன்றில் மான்செஸ்டர் கையைக் கடிக்காத ஊர். எடின்பரோவில் வாடகை மான்செஸ்டரை விட அதிகம். செயின்ட் ஆண்ட்ரூஸ் சின்ன ஊர் என்பதால் மலிவாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். இடம் குறைவு, கேட்கிறவர்கள் அதிகம்.

விசாவில் நான்குக்கும் ஒரே விதிதான். படிப்பு ஆறு மாதத்துக்குள் முடிந்தால் பார்வையாளராகவே போகலாம். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு என்றால் இணையத்தில் பயண அனுமதி வாங்கினால் போதும். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் பார்வையாளர் விசா முன்கூட்டியே எடுக்க வேண்டும். பார்வையாளராகப் போனால் பகுதிநேர வேலை எதுவும் கூடாது. ஜனவரியில் போய் ஜூன்வரை இருக்கிறவர் ஆறு மாதத்தை நாள் எண்ணிப் பார்த்துக்கொள்ளவும்.

சரி, ஊருக்கு வருவோம்.

லண்டனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சோவாஸ் இருக்கிற ரஸ்ஸல் சதுக்கத்தைச் சுற்றி ஒரு மைலுக்குள் இருப்பவற்றை நினைத்தாலே ஆசையாக இருக்கிறது. பிரிட்டிஷ் மியூசியம் ஐந்து நிமிட நடை, நுழைவு இலவசம். பதினைந்து நிமிடம் நடந்தால் பிரிட்டிஷ் நூலகம். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களும், சென்னை மாகாணத்தைப் பற்றிய கோப்புகளும் அங்கேதான் இருக்கின்றன. வாசகர் அட்டை எடுத்துவிட்டால் நீங்களே வரவழைத்துப் படிக்கலாம். சோவாஸ் தொடங்கியது 1916-ல். அதன் நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்களும் உண்டு. வளாகத்தில் 1996-ல் வைத்த திருவள்ளுவர் சிலை ஒன்றும் இருக்கிறது. எடின்பரோவிலிருந்து நாலரை மணி நேரம் ரயிலில் வந்து இறங்கி, குளிரில் அந்தச் சிலை முன்னால் நின்றபோது, யாரோ சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி எனக்குத் தொண்டை அடைத்தது.

ஆனால் லண்டனில் வகுப்பு முடிந்ததும் எல்லாரும் கலைந்துவிடுவார்கள். உடன் படிக்கிறவர் முக்கால் மணி நேர ரயில் தூரத்தில் இருப்பார். நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள். முழு வருடம் இருந்தால் இதை மீறி நண்பர்கள் கிடைப்பார்கள். பன்னிரண்டு வாரத்தில் பெரும்பாலும் நம்மூர்க்காரர்களோடு ஈஸ்ட் ஹாமுக்கோ டூட்டிங்குக்கோ தோசை சாப்பிடப் போய்விட்டு வந்ததுதான் மிஞ்சும். தோசை நன்றாகவே இருக்கும், அதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. வரலாறு, மானுடவியல், தெற்காசிய ஆய்வு படிக்கிறவர், கையில் ஒரு ஆய்வுக் கேள்வியோடு போகிறவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், லண்டன்தான்.

எடின்பரோ அப்படியே எதிர். ஜார்ஜ் சதுக்கத்தில் நூலகம், அதைத் தாண்டினால் மெடோஸ் என்கிற பெரிய புல்வெளி, அதற்கு அந்தப் பக்கம் மாணவர்கள் வாடகைக்கு இருக்கும் தெருக்கள். எங்கே போனாலும் நடைதான். டுடோரியல் என்கிற சிறு குழு வகுப்பில் எதிரே உட்கார்ந்திருந்தவரையே மாலையில் காய்கறிக் கடையிலும், மறுநாள் ஆர்தர்ஸ் சீட் குன்றுப் பாதையிலும் பார்ப்பீர்கள். மூன்றாவது தடவை பார்க்கும்போது பேச்சு தானாக வந்துவிடும். 251 மீட்டர்தான் அந்தக் குன்று. செருப்பு போட்டுக்கொண்டு ஏறி நான் பட்ட பாடு போதும், நல்ல ஷூ கொண்டு போங்கள். அறிவியல் மாணவர்களுக்கு மட்டும் ஒரு குறை. அவர்களுடைய கிங்ஸ் பில்டிங்ஸ் வளாகம் தெற்கே இரண்டு மைல் தள்ளி இருக்கிறது, தினமும் பேருந்து.

ஒன்றுக்கு மனத்தைத் தயார் செய்துகொள்ள வேண்டும். டிசம்பர் நடுவில் எடின்பரோவில் மூன்றே முக்காலுக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மதியச் சாப்பாடு முடித்து நூலகத்துக்குள் போய், ஒரு அத்தியாயம் படித்துவிட்டு நிமிர்ந்தால் ஜன்னலுக்கு வெளியே இரவு. நம் மாதிரி வருடம் முழுக்க ஏழு மணிக்குச் சூரியன் மறைகிற ஊரிலிருந்து போகிறவர்களுக்கு அது உடம்பை அழுத்தும். காலை வெளிச்சத்தில் கட்டாயம் ஒரு நடை போங்கள். குடை வேண்டாம், காற்று திருப்பிவிடும். தலையை மூடுகிற மழைச்சட்டைதான் உதவும்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் ஸ்காட்லாந்தின் மிகப் பழைய பல்கலைக்கழகம், 1413 வரை போகும். மூன்று பெரிய தெருக்கள், கடல், இடிந்த தேவாலயம், அவ்வளவுதான் ஊர். ரயில் நிலையம்கூட இல்லை. லூக்கர்ஸில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். இந்த ஊருக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. இங்கே பிறந்த ஆண்ட்ரூ பெல், எழும்பூரில் இருந்த ராணுவ அநாதை விடுதியின் பொறுப்பில் இருந்தவர். சென்னையில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து அதைத் தன் பள்ளியில் கொண்டு வந்தார். மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் அங்கே வளர்த்தெடுத்தார். நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் பிரிட்டன் முழுக்கப் பரவியது. அவர் விட்டுப்போன பணத்தில் 1830-களில் எழுந்த பள்ளிக்குப் பெயரே மெட்ராஸ் காலேஜ். சவுத் தெருவில் அந்தப் பழைய கட்டடத்தை இன்றும் பார்க்கலாம், பள்ளி 2021-ல் வேறு இடத்துக்கு மாறிவிட்டது.

சின்ன ஊரின் நன்மை, இரண்டே வாரத்தில் உங்களைத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். தீமை, பிடிக்கவில்லை என்றால் போக்கிடம் இல்லை. கறிவேப்பிலை வேண்டும் என்றால் பக்கத்து நகரமான டண்டீக்குப் பேருந்து ஏற வேண்டியிருக்கும். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த ஊரைத்தான். நகர வாழ்க்கை இல்லாமல் மூச்சுமுட்டுகிறவர்கள் போக வேண்டாம்.

மான்செஸ்டரை நம் பிள்ளைகள் கால்பந்துக்கு மட்டும் நினைவு வைத்திருக்கிறார்கள், அது எனக்கு வருத்தம். ரதர்ஃபோர்டு அணுவின் கருவைக் கண்டறிந்தது இங்கே, 1911-ல். நிரலைத் தன் நினைவகத்திலேயே வைத்து இயங்கிய முதல் மின்னணுக் கணினி ஓடியது இங்கே, 1948 ஜூன் 21. ஒரே அணு தடிமன் உள்ள கார்பன் தாளான கிராஃபீனைப் பிரித்தெடுத்தது இங்கே, 2004-ல். அதற்கு 2010-ல் நோபல் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு சாலை நெடுக வளாகம், பேருந்து வந்துகொண்டே இருக்கும், ஃபாலோஃபீல்டு விடுதிகளுக்குப் போகிற வழியிலேயே ரஷோமின் சாப்பாட்டுக் கடைத் தெரு. மழை உண்டு, ஆனால் பகல் எடின்பரோவைவிடக் கொஞ்சம் நீளம்.

அக்கா மகள் கணினியியல் படிக்கிறாள், ஜனவரியிலும் போகலாம் என்று திட்டத்தில் இடம் இருக்கிறது. அவளுக்கு நான் மான்செஸ்டரை, ஜனவரி செமஸ்டருக்குப் போடச் சொன்னேன். இலையுதிர் காலம்தான் கிடைக்கும் என்றால் எடின்பரோ. லண்டன் மூன்றாவது. செயின்ட் ஆண்ட்ரூஸில் அவள் ஒரு மாதம்கூடத் தாங்க மாட்டாள், நான் வளர்த்த பிள்ளை, எனக்குத் தெரியும்.

படிவத்தை நிரப்பும் முன் அங்குள்ள வருகை மாணவர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லியிருக்கிறேன். ஒரு செமஸ்டருக்கு மட்டும் விடுதி அறை தருவீர்களா? ஏனென்றால் வெளியே வீடு பார்த்தால் பெரும்பாலும் ஒரு வருட ஒப்பந்தம் கேட்பார்கள். நான் எடுக்க நினைக்கும் இந்தப் பாடங்களுக்குத் தேர்வு எந்தத் தேதிவரை போகும்? வருகை மாணவருக்கு அவை திறந்திருக்கின்றனவா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை விமானச் சீட்டு எடுக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.