ட்ரவுட் மீன்பிடிப் பயணம்: படகைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்

ஏரியில் ட்ரவுட் மீன் பிடிக்க ஒரு நாள் முழுவதும் படகில் அழைத்துச் செல்வதாக விளம்பரம் செய்திருந்த ஒருவரிடம், நானும் என் தம்பியும் முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டி ஏமாந்தோம். இதே எண்ணத்தில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

காலை 5 மணிக்குப் புறப்படுவது என்பதுதான் பேச்சு. ஓடும் படகின் பின்னால் இரையை இழுத்துச் செல்லும் ட்ரோலிங் முறைக்கு, நீர் குளிர்ந்து, மற்ற படகுகள் இறங்காதிருக்கும் அந்த நேரமே உயிர்நாடி. அவர் வந்தபோது மணி ஒன்பதரை. அதற்குள் விசைப்படகுகள் ஏரியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கலக்கிக்கொண்டிருந்தன.

கோடையில் வெயில் ஏறியதும் ட்ரவுட் குளிர்ந்த நீரைத் தேடி ஆழத்துக்கு இறங்கிவிடும். அங்கே இரையைக் கொண்டுசேர்க்க, கனத்த ஈயக்குண்டை வடத்தில் கட்டி இறக்கும் டவுன்ரிக்கர் வேண்டும். விளம்பரப் படத்தில் இரண்டு இருந்தன. படகில் இருந்ததோ ஒன்று. அதன் கம்பிவடம் துருவேறி உருளையோடு ஒட்டிக் கிடந்தது. கையால் இழுத்துப் பார்த்தேன், ஒரு சுற்றுகூட அவிழவில்லை. "மேலாகவே இழுப்போம், கடிக்கும்" என்றார்.

மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் வேகத்தில் ஊர வேண்டிய படகை ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் ஓட்டியதால், தள்ளாடி நீந்த வேண்டிய ஸ்பூன் (கரண்டி வடிவ உலோகப் போலி இரை) பம்பரமாகச் சுழன்று தூண்டில் நரம்பை முறுக்கிவிட்டது. பிறகு, எதிரே வந்த படகுக்கு வழிவிடுவதற்காக, நான்கு தூண்டில்களும் நீரில் இருக்கும்போதே சட்டென்று வளைத்தார். வளைவின் உட்புற நரம்புகள் தளர்ந்து தாழ, வெளிப்புற நரம்புகள் இறுகி மேலெழ, நான்கும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. சிக்கெடுக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. (மூவர் இருந்த படகில் உயிர்காப்பு அங்கி இரண்டுதான் என்பதையும் அப்போதுதான் கவனித்தோம், ஏறும்போதே எண்ணியிருக்க வேண்டும்.)

மாலையில் ஒரே ஒரு சிறு மீன் கடித்தது. விட்டுவிடலாம் என்று தம்பி சொன்னான். அவரோ உலர்ந்த கையால் அதை இறுகப் பிடித்துக்கொண்டு, தூண்டில் முள்ளைக் கழற்றும் இடுக்கியை நெடுநேரம் தேடினார். நீரில் விட்டபோது அது வயிறு மேலாகப் புரண்டு மிதந்தது. அன்று எங்களை மிகவும் வருத்தியது அதுதான்.

பணத்தில் ஒரு பகுதியையாவது திருப்பிக் கேட்டதற்கு, மீன் கிடைக்கும் என்று தாம் உறுதி தரவில்லையே என்றார். நாங்கள் கேட்டது மீனை அல்ல. சொன்ன நேரத்தையும் சொன்ன கருவியையும்தான். முன்பணம் கொடுப்பதற்கு முன் நேரில் சென்று, டவுன்ரிக்கரை ஒருமுறை இறக்கி ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். புறப்படும் நேரத்தையும், தாமதமானால் எவ்வளவு திருப்பித் தருவார் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். இரண்டு டவுன்ரிக்கர்கள் பளபளக்கும் அதே விளம்பரம் இன்றும் வந்துகொண்டிருக்கிறது.