வயிற்று வலிக்கும் வெயிட்டிங் லிஸ்டா?

இந்த ஆகஸ்ட் விடுமுறைக்கு ஏழு வயது மகனோடு மட்டக்களப்புக்குப் போயிருந்தேன். லண்டனில் அவன் ஓட்டிசம், ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமை, அளவுக்கு மீறிய துருதுருப்பு) இரண்டுக்குமான மதிப்பீட்டுக்குக் காத்திருக்கிறான், பெயர் கொடுத்து இரண்டு வருடமாகிறது. பரிந்துரை போய் 3 மாதத்துக்குள் ஓட்டிச மதிப்பீட்டைத் தொடங்க வேண்டும் என்றுதான் இங்கிலாந்தில் சிகிச்சை முறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டி சொல்கிறது. நடப்பது வேறு. சரி, அது தனிக் கதை.

இந்த இரண்டு வருடமும் அவன் கிழமைக்கு மூன்று நாலு நாள் "வயிறு நோகுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பள்ளிக்கூடத்தில் பதற்றம் என்றார்கள். ஜீபி, அதாவது அங்குள்ள எங்கள் குடும்ப டொக்டர், போனிலேயே, மதிப்பீடு முடியட்டும் பார்ப்போம் என்றார். நானும் நம்பிவிட்டேன்.

கல்லடியில் அம்மா வீட்டில் மூன்றாம் நாள் இரவு, பிள்ளை வலியில் சுருண்டுவிட்டான். அம்மா நாவூறு கழித்தா, சீரகத் தண்ணி கொடுத்தா. விடிந்ததும் தங்கச்சி போன் எடுத்து நம்பர் போட்டாள், 23ஆம் நம்பர், ஆஸ்பத்திரி வேலை முடித்துப் பின்னேரம் தனியாகப் பார்க்கிற பிள்ளைகள் டொக்டர். உள்ளே டீவியும் சனமும் அழுகையும். மகன் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டான். நம்பர் கூப்பிடுகிற பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, "அக்கா நீங்க மரத்தடியில இருங்க, நான் வந்து கூப்பிடுறன்" என்றாள். லண்டனில் இதையே நான் எத்தனை இடத்தில் கெஞ்சிக் கேட்டிருக்கிறேன்!

டொக்டர் முதலில் கேட்டது ஓட்டிசத்தைப் பற்றியல்ல. "எத்தனை நாளைக்கு ஒருக்கா கக்கூசுக்குப் போறார்?" சில நாள் தண்ணியாகப் போகிறது, உள்ளாடையில் படுகிறது, அதனால் பழங்களைக் குறைத்துவிட்டேன் என்றேன். அவர் பிள்ளையின் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, இடது பக்கம் கீழே என் கையையும் வைக்கச் சொன்னார். கெட்டியாக இருந்தது. மலம் இறுகி நிற்க, புதியது அதன் பக்கத்தால் கசிகிறது, அதைத்தான் நான் வயிற்றோட்டம் என்று நினைத்திருக்கிறேன். பழத்தை நிறுத்தி இன்னும் இறுக வைத்தது நான்தான். அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன்.

அப்புறம் சாப்பாடு. பாண், பாஸ்டா, வெறும் சோறு, நாளைக்கு ஐந்தாறு கப் பால். பால் கூடினால் வேறு சாப்பாட்டுக்கு வயிற்றில் இடமிருக்காது, இரும்புச்சத்தும் குறையும். இரும்பு குறைந்தால் சில பிள்ளைகளுக்கு இரவில் கால் அமைதியாக இருக்காது, நித்திரை குழம்பும், அடுத்த நாள் இன்னும் துருதுருப்பார்கள் என்று விளங்கப்படுத்தினார். இரத்தத்தில் பார்த்தபோது இரும்பு குறைவாகத்தான் இருந்தது. இதெல்லாம் சரியானால் ஓட்டிசம் இல்லை என்று ஆகிவிடாது என்பதையும் தெளிவாகச் சொன்னார். "மதிப்பீடு அதன் பாட்டுக்கு நடக்கட்டும். வயிற்றை ஏன் காக்க வைக்கிறீங்க?"

மலத்தை இளக்குகிற லக்டுலோஸ் பாணி தந்தார். சாப்பிட்ட பிறகு, காலுக்குக் கீழே சின்ன ஸ்டூல் வைத்துப் பத்து நிமிடம் கொமட்டில் இருக்க வேண்டும். நாலு நாளில் நிறுத்தாதீர்கள், மாதக்கணக்கில் எடுக்கும் என்றார். வயிறு இளகிய பிறகுதான் இரும்புப் பாணி, அதுவும் மலத்தை இறுக்கும் என்பதால்.

ஊரில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. மரத்தடியில் என்னோடு இருந்த தாய், வலையிறவுப் பாலம் கடந்து வவுணதீவுப் பக்கமிருந்து வந்தவர். நாலு வயது மகளுக்கு இன்னும் பேச்சில்லை, நுனிக்காலில் நடக்கிறாள், காதையே பிடித்துக்கொண்டு அழுகிறாள். காதுக்குள் நீர் தேங்கியிருந்தாலும் பேச்சுப் பிந்தும், அதனால் கேட்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டுமாம். அதற்கும் திகதிக்குக் காத்திருக்கிறார். ஒவ்வொரு கிளினிக்குக்கும் கணவருக்கு ஒருநாள் கூலி போகிறது.

லண்டன் வந்ததும் டொக்டரின் கடிதத்தை ஜீபியிடம் கொடுத்தேன், மருந்து தொடர்கிறது. இந்தக் கிழமை மகன் ஒரே ஒரு நாள்தான் வயிறு நோகுது என்றான். மதிப்பீட்டுக்கு இன்னும் திகதி வரவில்லை.