சும்மா இருக்கவே பதறுகிறவர்களுக்கு இந்த வகுப்பு சரிப்படுமா?

காரைக்குடிப் பக்கம் விடுதியாகிவிட்ட ஒரு நகரத்தார் வீட்டில் காலையில் நடக்கும் ஒரு மணி நேரத் தளர்வுப் பயிற்சி இது. முதல் பாதிக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். இரண்டாம் பாதியை மாற்றியே ஆக வேண்டும்.

வருடக்கணக்கில் ஓடியே பழகிய உடம்பு, முறுக்கேறி இருப்பதைத்தான் பாதுகாப்பு என்று நினைக்கும். தளர விட்டதும் நெஞ்சு படபடக்கும், முடிக்காத வேலையெல்லாம் வரிசைகட்டி வரும். அமெரிக்காவில் ஹைட், போர்கோவெக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1983இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், பதற்றக்காரர்கள் சிலருக்குத் தளர்வுப் பயிற்சியே பதற்றத்தைக் கூட்டியது. தசைப் பயிற்சியைவிட மந்திரத்தில் மனத்தைக் குவிக்கும் பயிற்சியில்தான் அது அதிகம்.

ஆகவே இங்கே தசையில் தொடங்குவது நல்ல முடிவு. வளவு எனப்படும் நடுமுற்றத்தின் தாழ்வாரத்தில் தூணோரம் சாய்ந்து உட்கார வைக்கிறார்கள். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் 1920களில் வகுத்த முறையின் சுருக்கம்தான். வலது கையை மடக்கி 5 முதல் 7 விநாடி இறுக்கி, சட்டென்று விட்டு, 20 முதல் 30 விநாடி வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அப்புறம் இடது கை, நெற்றி, தாடை, தோள், வயிறு, தொடை, கெண்டைக்கால், பாதம். முக்கால் பலம் போதும். முழு பலம் போட்டால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இறுக்கும்போது மூச்சை அடக்கவே கூடாது. கண்ணை மூடச் சொல்லாததுதான் பெரிய ஆறுதல்: ஆத்தங்குடி டைல்ஸின் பூவில் பார்வையை நிறுத்திக்கொள்ளலாம்.

அதன்பிறகு கெடுக்கிறார்கள். இரண்டாம் கட்டு அறைக்குள் கூட்டிப்போய், கதவைச் சாத்தி, கண்மூடி 25 நிமிடம் அசையாமல் படுக்கச் சொல்கிறார்கள். 'நல்லா ஆழமா மூச்சை இழுங்க' என்று வேறு. பதறுகிறவர் வேகவேகமாக இழுப்பார். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் மரத்துப்போகும். 4 எண்ணும்வரை மெல்ல இழுத்து 6 எண்ணும்வரை விட்டால் போதுமே. தரையும் சில்லென்று இருக்கிறது. பாயின் மேல் ஒரு ஜமுக்காளம் விரித்தால் என்ன?

புதிதாக வருகிறவருக்கு முதல் நாள் கண் திறந்தபடி 3 நிமிடம் சும்மா உட்கார்ந்தால் போதும், பழகியபின் 5. படபடப்பு ஏறினால் உடனே எழுந்து ஓடக் கூடாது. ஓடினால், உட்கார்ந்ததே ஆபத்து என்று உடம்பு எழுதி வைத்துக்கொள்ளும். பாதத்தைத் தரையில் அழுத்தி, கையை இறுக்கி விட்டு, அது தணிந்தபின் எழ வேண்டும். அதுவும் முடியாதவர்களுக்கு மெல்ல ஆடும் ஊஞ்சலே தொடக்கமாகலாம். முகப்பில் ஒன்று சும்மா தொங்குகிறது, யாரும் அதைப் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை.

முன்பதிவின்போதே வாசலோரம் இடம் கேளுங்கள், தருகிறார்கள். அடிக்கடி பீதி வந்து மூச்சு முட்டுகிறவர்கள் முதலில் மனநல மருத்துவரைப் பார்ப்பதே சரி. அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. வகுப்புக்கு முன்னால் நீட்டும் ஃபில்டர் காபியை மட்டும் தள்ளி வையுங்கள். படபடப்பைக் கூட்டும். வகுப்பு முடிந்து வெள்ளைப் பணியாரத்தோடு வாங்கிக்கொள்ளலாம்.