மதுரையில் முதுகு எம்.ஆர்.ஐ.: படத்துக்கு முழு மதிப்பெண், ரிப்போர்ட்டுக்குப் பாதி

மதுரையில் இடுப்புப் பகுதி எம்.ஆர்.ஐ. சேவைக்கு மதிப்பெண் போடச் சொன்னால், படத்துக்குத் தயங்காமல் போடலாம். ரிப்போர்ட் கைக்கு வந்து சேரும் விதத்துக்குப் பாதிதான். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்து ஆட்களும் இங்கேதான் வருகிறார்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையில் கட்டணம் குறைவு. தனியார் சென்டர்களும் நிறைய உண்டு. இடுப்பு டிஸ்க் (எலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு) பார்க்க 1.5 டெஸ்லா மெஷின் தாராளமாகப் போதும்; டெஸ்லா என்பது காந்தத்தின் பலத்தைச் சொல்லும் அளவு. சாதாரண முதுகு வலிக்கு கான்ட்ராஸ்ட் ஊசி (படத்தில் சில இடங்கள் எடுப்பாகத் தெரியப் போடும் மருந்து) வேண்டியதில்லை. கிருமித்தொற்று, கட்டி என்று சந்தேகம் இருந்தாலோ, முதுகில் ஏற்கெனவே ஆபரேஷன் ஆகியிருந்தாலோதான் அது தேவைப்படும்.

மெஷினுக்குள் இருப்பது 20 முதல் 30 நிமிடம். பேஸ்மேக்கரோ உடம்பில் வேறு உலோகமோ இருந்தால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். வெள்ளி அரைஞாணைக் கட்டாயம் கழற்ற வேண்டும். படம் எடுக்கும் இடத்திலேயே அது கிடப்பதால் படம் சிதைந்துபோகும். வலி தாங்காமல் காலை அசைத்தாலும் படம் கலங்கிவிடும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கச் சொன்னால் மல்லாந்து படுப்பது சுலபம்.

குறை தொடங்குவது சீட்டில். டாக்டர் எழுதித் தரும் சீட்டில் பல நேரம் ‘எல்.பி.ஏ.’ என்ற மூன்றெழுத்துத்தான் இருக்கும். இடுப்பு வலி, அவ்வளவுதான். எந்தக் கால், எத்தனை நாளாக, மரத்துப்போகிறதா என்பது எதுவும், படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டரான ரேடியாலஜிஸ்ட்டுக்குத் தெரியாது. கண்ணில் பட்டதையெல்லாம் அவர் எழுதத்தான் வேண்டும். கவரை ஆட்டோவிலேயே பிரித்துப் படிப்பவருக்கோ ஒவ்வொரு வரியும் ஒரு நோயாகத் தெரிகிறது. கவுன்டரில் ‘இடது கால், பெருவிரல் வரை இழுக்கிறது, ஆறு வாரமாக’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டின் தரமே மாறும்.

அதிகம் பயமுறுத்தும் சொற்கள் சில. ‘டெசிக்கேஷன்’ என்றால் டிஸ்க்கில் நீர்ச்சத்து குறைந்து, நீர் வெளிச்சமாகத் தெரியும் டி 2 வகைப் படத்தில் கறுப்பாகத் தெரிகிறது. ‘டிஃப்யூஸ் பல்ஜ்’ என்றால் விளிம்பு சுற்றிலும் சற்றே பிதுங்கியிருக்கிறது. ‘இன்டென்டிங் தீகல் சாக்’ என்றால் நரம்புகளைச் சுற்றியுள்ள உறை லேசாக அமுங்கியிருக்கிறது. நரம்பு நசுங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. முதுகெலும்பில் ‘ஹெமாஞ்சியோமா’ பெரும்பாலும் தீங்கில்லாத ரத்தக்குழாய்த் திரள். ‘எக்ஸ்ட்ரூஷன்’ (டிஸ்க்கின் உள்பகுதி வெளியே தள்ளிக்கொண்டு வருவது), ‘சிவியர் ஸ்டெனோசிஸ்’ (நரம்பு போகும் வழி மிகவும் குறுகிப்போவது) என்று இருந்தால்தான் டாக்டரிடம் கூடுதலாகப் பேச வேண்டும்.

முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. 20 வயதில் 30 சதவீதம் பேருக்கும், 50 வயதில் 60 சதவீதம் பேருக்கும், 80 வயதில் 84 சதவீதம் பேருக்கும் பல்ஜ் இருந்தது. எனவே ‘ஜவ்வு விலகிருச்சு’ என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதி, வண்டி ஓட்டுவதையும் வயல் வேலையையும் ஒரேயடியாக விட்டுவிடத் தேவையில்லை. படுத்தே கிடந்தால் முதுகு இன்னும் இறுகும்.

படமும் காலும் ஒத்துப்போகின்றனவா என்பதுதான் முக்கியம். இடுப்பு எலும்புகளை மேலிருந்து எல் 1 முதல் எல் 5 வரை எண்ணுவார்கள், அதற்குக் கீழே எஸ் 1. எல் 4, எல் 5 எலும்புகளுக்கு நடுவே உள்ள எல் 4-எல் 5 டிஸ்க் பொதுவாக எல் 5 நரம்பைத் தொடும்: வலி கீழ்க்காலின் வெளிப்புறம், பாதத்தின் மேல்புறம் வழியாகப் பெருவிரலுக்குப் போகும், பெருவிரலைத் தூக்கப் பலம் குறையலாம். எல் 5-எஸ் 1 என்றால் பாதத்தின் வெளியோரம், சுண்டுவிரல். நுனிக்காலில் நிற்பது சிரமம். பிதுக்கம் வலப்பக்கம், வலி இடது காலில் என்றால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

டாக்டரிடம் பழைய பிலிம், சி.டி. எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். உட்கார்ந்தால் கூடுகிறதா, நடந்தால் கூடுகிறதா, எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டியிருக்கிறது என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு நடுவே கிடைக்கும் சில நிமிடங்களில் ‘ரிப்போர்ட்ல என்ன இருக்கு சார்?’ என்று கேட்டால் பதில் ரிப்போர்ட்டையே திரும்ப வாசிப்பதாக இருக்கும். ‘இதுல எந்த வரி என் கால் வலிக்குப் பொருந்துது? இதால வைத்தியம் மாறுமா? என்ன ஆனா உடனே வரணும்?’ என்று கேளுங்கள். கையே வைக்காமல் பார்த்து அனுப்பினால், ‘ஒரு தடவை காலைத் தூக்கிப் பார்த்துடுங்க சார்’ என்று சொல்வதில் தப்பில்லை.

மூன்றாவது கேள்விக்கான பதிலை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, மலம் அடங்காமல் போவது, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போவது, பாதம் தொங்கிப்போவது: இதில் எது வந்தாலும் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே எமர்ஜென்சிக்குப் போங்கள். முதுகு வலியோடு காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்தால் டி.பி.யையும் நினைக்க வேண்டும். ‘மைல்ட்’ என்று எழுதிய பழைய ரிப்போர்ட்டை நம்பி இருந்துவிடாதீர்கள்.